சின்ன விமானத்தை எந்த வேகத்தில் ஓட்டினால் எரிபொருள் மிச்சம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும், நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்கி வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். எல்லாக் கணக்குக்கும் ஒரே விமானம்: 1970களின் கடைசியில் வந்த செஸ்னா 172என். நான்கு இருக்கை, 160 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின், மடங்காத சக்கரங்கள், கோணம் மாறாத ப்ரொப்பெல்லர். அதிகபட்ச எடை 2300 பவுண்டு, அதாவது 1043 கிலோ. சாதாரண டேங்கில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 40 அமெரிக்க காலன், சுமார் 151 லிட்டர். உங்கள் விமானம் வேறு என்றால் எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது. வேகம் என்று சும்மா சொன்னால் அது மீட்டரில் தெரியும் வேகம். காற்றில் உண்மையாக நகரும் வேகத்தைச் சொல்லும்போது 'உண்மை வேகம்' என்றே எழுதியிருக்கிறேன்.

ஒரே வரியில சொல்லுங்க சார், எந்த வேகத்துல போனா மிச்சம்?

விமானத்தின் ஹேண்ட்புக்கில் 'பெஸ்ட் கிளைடு' என்று ஒரு வேகம் இருக்கும், எஞ்சின் நின்றால் அதிக தூரம் சறுக்க உதவும் வேகம். அதை 1.3ஆல், துல்லியமாகச் சொன்னால் 1.316ஆல், பெருக்குங்கள். 172என் விமானத்துக்கு அது 65 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), பெருக்கினால் 86 நாட், மணிக்குச் சுமார் 159 கிலோமீட்டர். வீட்டுக்குப் போக இந்த விடை போதும்.

மைலுக்கு எரியும் எண்ணெயை மட்டும் பார்த்தால், ஆகக் குறைவாக எரிவது 86 நாட்டில் இல்லை, 65க்குப் பக்கத்தில்தான். ஆனாலும் 86 என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் கீழே இவ்வளவு கேள்விகள்.

பைக்ல 45, 50ல போனா மைலேஜ் வரும்னு சொல்வாங்க. விமானத்துக்கும் அதே கதைதானா?

பாதிக் கதை அதேதான். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது, அது பைக்குக்கும் உண்டு. மீதிக் கதை பைக்குக்குக் கிடையாது. பைக்கின் எடையைச் சாலை தாங்குகிறது. விமானத்தின் எடையை இறக்கை தாங்க வேண்டும், அதுவும் காற்றைக் கீழே தள்ளித்தான் தாங்க வேண்டும். மெதுவாகப் போகப் போக, அதே எடையைத் தூக்க இறக்கையை இன்னும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நிமிர்வுக்கென்று தனியாக ஒரு இழுவிசை உண்டு, வேகம் குறையக் குறைய அது கூடும்.

ஆக இரண்டு இழுவிசைகள். ஒன்று வேகத்தோடு ஏறுகிறது, மற்றது வேகத்தோடு இறங்குகிறது. இரண்டும் சமமாகும் வேகத்தில் மொத்த இழுவிசை ஆகக் குறைவு. அதற்குக் கீழே போனால் பைக் போல மிச்சமாகாது, செலவு மறுபடி ஏறும்.

பெஸ்ட் கிளைடு எஞ்சின் நின்னா பிடிக்க வேண்டிய வேகமாச்சே? எஞ்சின் ஓடும்போது அதுக்கு என்ன வேலை?

எஞ்சின் நின்றபின் அதிக தூரம் சறுக்க வேண்டுமென்றால் இழுவிசை ஆகக் குறைவாக இருக்கும் வேகம்தான் வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒரு மைல் போக எவ்வளவு உழைப்பு தேவை என்பதையும் அதே இழுவிசைதான் தீர்மானிக்கிறது. எரிபொருள் அந்த உழைப்புக்கான விலை. அதனால் இரண்டு கேள்விக்கும் ஏறக்குறைய ஒரே வேகம் விடையாகிறது. விமானம் தயாரித்தவர்கள் பறந்து பார்த்து அச்சிட்ட எண் அது, நாம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. எஞ்சின் நின்ற நிலையில் காற்று சுழற்றும் ப்ரொப்பெல்லர் தட்டுபோல நின்று இழுக்கும். அந்தக் கூடுதல் இழுவையோடு அளந்த வேகம் என்பதால், எஞ்சின் ஓடும்போது உண்மையான குறைந்தபட்ச இழுவிசை வேகம் இதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும்.

அப்போ 65லயே போயிட வேண்டியதுதானே? எதுக்கு 1.3ஆல பெருக்கணும்?

போய்ப் பாருங்கள், அப்புறம் கேட்க மாட்டீர்கள். மூக்கு மேலே தூக்கியிருக்கும், முன்னால் வருகிற விமானம் எஞ்சின் மூடிக்குப் பின்னால் மறைந்துவிடும். எஞ்சினுக்குள் போகும் குளிர்காற்று குறைவு. அதைவிடத் தொல்லை, வேகம் நிலையாக நிற்காது. ஒரு காற்றுக்குலுக்கலில் 65 என்பது 60 ஆனால் இழுவிசை கூடும், அது வேகத்தை மேலும் இழுக்கும், நீங்கள் த்ராட்டிலைத் தள்ளிக் காப்பாற்ற வேண்டும். இப்படி மூன்று மணி நேரம் யார் ஓட்டுவது?

வேகத்துக்கு எதிரே இழுவிசையை வரைந்தால் வரும் வளைகோட்டின் அடிப்பகுதி நன்றாகத் தட்டை. 65இலிருந்து 75க்கு ஏறினால் இழுவிசை 4 சதவீதம்தான் கூடுகிறது, வேகமோ 15 சதவீதம் கூடுகிறது. 86க்குப் போனால் 15 சதவீதம் கூடுதல் இழுவிசைக்கு 32 சதவீதம் கூடுதல் வேகம். 100இல் 40 சதவீதம், 110இல் 60 சதவீதம் என்று அப்புறம் செங்குத்தாக ஏற ஆரம்பித்துவிடும்.

அந்த 1.3 யார் சொன்னது? சும்மா குத்துமதிப்பா?

குத்துமதிப்பு இல்லை. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் கார்சன் 1980களின் தொடக்கத்தில் சிறிய விமானங்களின் எரிபொருள் சிக்கனம் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் இதை இன்றும் 'கார்சன் வேகம்' என்றுதான் சொல்கிறார்கள். அவர் கேட்ட கேள்வி கொஞ்சம் வித்தியாசமானது. மைலுக்கு ஆகக் குறைந்த எண்ணெய் எது என்று கேட்கவில்லை. நாம் விமானத்தில் போவதே வேகத்துக்காகத்தான், அப்படியானால் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆகக் குறைவாக விலை கொடுக்கும் இடம் எது என்று கேட்டார்.

கணக்குப்படி அது மைலுக்கு எரியும் எண்ணெயை வேகத்தால் வகுத்தால் ஆகச் சிறிய எண் வரும் இடம். விடை, குறைந்தபட்ச இழுவிசை வேகத்தைப்போல் 1.316 மடங்கு. 3க்கு வர்க்கமூலம் எடுத்து, அதற்கு மறுபடி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. இறக்கை, எடை, எஞ்சின் எது மாறினாலும் இந்த மடங்கு மாறாது என்பதுதான் இதன் அழகு.

ஆனால் விமானம் கட்டுபவர்கள் பொதுவாக இதற்காக எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில்லை. மேலேறுவதற்கும் குறுகிய ஓடுதளத்திலிருந்து கிளம்புவதற்கும் திறன் வேண்டுமென்று பெரிய எஞ்சினை வைக்கிறார்கள், இருக்கிறதே என்று நாமும் அதைக் குரூஸிலும், அதாவது ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும்போதும், எரிக்கிறோம்.

இன்னும் மெதுவா போனா இன்னும் அதிக நேரம் காத்துல இருக்கலாம்னு படிச்சிருக்கேன். அது வேற வேகமா?

வேறுதான். மைலுக்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, மணிக்கு எவ்வளவு என்பது இன்னொன்று. மணிக்கு ஆகக் குறைவாக எரியும் வேகம், குறைந்தபட்ச இழுவிசை வேகத்தில் 0.76 மடங்கு. மேலே சுற்றிக்கொண்டு காத்திருக்கும்போது அது உதவும், ஊருக்குப் போக உதவாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 0.76 மடங்கில் இருக்கும் இழுவிசையும் கார்சன் வேகத்தில் இருக்கும் இழுவிசையும் சரியாக ஒன்றே. அதாவது 100 மைல் போக இரண்டிலும் கணக்குப்படி ஒரே உழைப்பு. மெதுவாகப் போனவருக்கு நேரம் மட்டும் 1.73 மடங்கு. இன்னொன்று, 172என் விமானத்தில் 65க்கு 0.76 மடங்கு என்றால் 50 நாட்டுக்கும் கீழே, இறக்கை எடையைத் தாங்க முடியாமல் போகும் ஸ்டால் வேகத்தின் விளிம்பு. காத்திருக்க வேண்டியிருந்தால் 65, 70இல் சுற்றுங்கள், போதும்.

ஏட்டுக் கணக்கு இருக்கட்டும். ஹேண்ட்புக் என்ன சொல்லுது?

172என் ஹேண்ட்புக்கின் முதல் பக்கங்களிலேயே இரண்டு வரிகள் இருக்கின்றன. 40 காலனோடு 8000 அடியில் 75 சதவீதத் திறனில் போனால் 485 கடல் மைல், 4.1 மணி நேரம். அதே 40 காலனோடு 10,000 அடியில் அதிகபட்ச தூரத்துக்கு ஓட்டினால் 575 கடல் மைல், 5.7 மணி நேரம். கிளம்புவது, ஏறுவது, கடைசியில் 45 நிமிடக் கையிருப்பு எல்லாம் இரண்டிலும் கழிக்கப்பட்டவை. அதே டேங்கில் 90 கடல் மைல் கூடுதல், மைலுக்கு எண்ணெய் 16 சதவீதம் குறைவு.

இரண்டாவது வரியை வகுத்துப் பாருங்கள்: 575ஐ 5.7ஆல் வகுத்தால் 101 நாட். 10,000 அடியில் 101 நாட் உண்மை வேகம் என்றால் மீட்டரில் சுமார் 87. நாம் 65ஐ 1.316ஆல் பெருக்கி எடுத்தது 86. கார்சன் கட்டுரை வருவதற்கு முன்பே அச்சான புத்தகம் அது.

கையிருப்புக்குச் சுமார் 4 காலன் போக மீதியை லிட்டருக்கு மாற்றினால், வேகமாகப் போகும்போது லிட்டருக்கு 6.6 கிலோமீட்டர், நிதானமாகப் போனால் 7.8. நாலு பேர் உட்காரும் வண்டிக்கு, அதுவும் வளைவு நெளிவு இல்லாமல் நேராகப் போகிற வண்டிக்கு, மோசமில்லை.

உங்க வளைகோட்டுப்படி 16 சதவீதத்துக்கு மேல மிச்சமாகணுமே? மீதி எங்க போச்சு?

நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான் இதைக் கேட்க முடியும். 8000 அடியில் 75 சதவீதத் திறனில் உண்மை வேகம் 122 நாட், மீட்டரில் சுமார் 108. அங்கே இழுவிசை குறைந்தபட்சத்தைவிட 56 சதவீதம் அதிகம். 87இல் 17 சதவீதம் அதிகம். இரண்டையும் ஒப்பிட்டால் 25 சதவீதம் மிச்சமாக வேண்டும்.

மீதியை விழுங்குவது பெரும்பாலும் எஞ்சின். பிஸ்டன் உராய்வு, மசகு எண்ணெய் பம்பு, மேக்னெட்டோ எல்லாம் திறன் பாதியானால் பாதியாகிவிடுவதில்லை. த்ராட்டிலைப் பாதி மூடினால், மூடிய வாயிலின் வழியே காற்றை உறிஞ்சவும் எஞ்சினுக்கு வேலை வைக்கிறோம். கோணம் மாறாத ப்ரொப்பெல்லர் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி திறமையாக வேலை செய்யாது. 10,000 அடிக்கு ஏறும் செலவும் அந்தத் தூரக் கணக்கில் இருக்கிறது.

இதன் விளைவு என்னவென்றால், எஞ்சினையும் சேர்த்துப் பார்க்கும்போது ஆகக் குறைவாக எரியும் வேகம் 65இலிருந்து மேலே நகர்ந்துவிடுகிறது. 86க்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஏட்டில் இருப்பதைவிடச் சிறியது. 65இல் ஓட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்தைக் குறைக்காம மிச்சம் பண்ண வழி இல்லையா?

இருக்கிறது, சிவப்புக் குமிழ். காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்க வேண்டும் என்பதை மாற்றும் மிக்ஸ்சர் குமிழ் அது. வேகத்தைப் பற்றி அரை மணி நேரம் வாதாடிவிட்டு, மிக்ஸ்சரை முழுக்கத் தள்ளியபடியே 6000 அடியில் போகிறவர்களைப் பார்க்கிறேன். உயரம் கூடினால் காற்று மெலிகிறது. மிக்ஸ்சரைத் தொடாவிட்டால் எண்ணெயின் பங்கு கூடிக்கொண்டே போகும். எரியாத எண்ணெய் புகைபோக்கி வழியே வெளியே போகிறது, அதிலுள்ள ஈயம் ஸ்பார்க் பிளக்கில் படிகிறது.

செய்முறை எளிது. உயரத்தைப் பிடித்து, வேகம் நிலைத்து, ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வைத்த பிறகு சிவப்புக் குமிழைத் திருகித் திருகி வெளியே எடுங்கள். நடுப்பொத்தானை அழுத்தி ஒரேயடியாக இழுக்க வேண்டாம். ஆர்பிஎம் முதலில் கொஞ்சம் ஏறும், ஒரு உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். உச்சத்திலிருந்து 25 முதல் 50 ஆர்பிஎம் இறங்கிய இடம்தான் 172என் ஹேண்ட்புக் சொல்லும் குரூஸ் மிக்ஸ்சர். எஞ்சின் உதறினால் அதிர்வு அடங்கும் வரை உள்ளே திருகுங்கள். உயரத்தையோ திறனையோ மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. புத்தகத்தில் உள்ள தூரங்கள் எல்லாம் இப்படிச் சரிசெய்த மிக்ஸ்சருக்குத்தான்.

மிக்ஸ்சரைக் குறைச்சா எஞ்சின் வெந்துடும்னு சீனியர் ஒருத்தர் சொன்னாரே?

முழுத் திறனில், தாழ்வான உயரத்தில் அப்படிச் செய்தால் சீனியர் சொல்வது சரி. எண்ணெய் குறைந்து சூடு கூடி, எரிபொருள் தன்னால் வெடிக்க ஆரம்பித்தால் பிஸ்டன் போய்விடும். ஆனால் டர்போ இல்லாத எஞ்சின்களில் 75 சதவீதம் அல்லது அதற்குக் கீழான குரூஸ் திறனில் எந்த உயரத்திலும் மிக்ஸ்சரைக் குறைக்கலாம் என்று லைகாமிங் நிறுவனமே சொல்கிறது. நாம் பேசும் 86 நாட்டுக்கு அவ்வளவு திறன் தேவையே இல்லை. கீழே இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உள்ளே தள்ள மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

மேலே போகப் போக மிச்சமா?

ஜெட்டுக்கு ஆமாம், நமக்கு நேரடியாக இல்லை. மீட்டரில் அதே 86 நாட் என்றால் எந்த உயரத்திலும் இழுவிசை ஒன்றேதான், மைலுக்கு உழைப்பும் ஒன்றே. மாறுவது உண்மை வேகம். 2000 அடியில் 86 என்பது உண்மையில் 89 நாட், 8000 அடியில் 97. அதாவது அதே மைலேஜில் சீக்கிரம் போய்ச் சேர்கிறோம். கூடவே, மேலே அந்த வேகத்தைப் பிடிக்க த்ராட்டிலை அதிகம் திறக்க வேண்டியிருப்பதால், முன்பு சொன்ன 'மூடிய வாயில்' நஷ்டமும் குறைகிறது.

ஏறும் செலவு உண்டு, ஆனால் அதில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். அதற்குக் கடைசி நேரத்தில் தடாலென்று இறங்காமல், நிமிடத்துக்கு 500 அடி என்று முன்கூட்டியே த்ராட்டிலைக் குறைத்து இறங்க வேண்டும். பயணம் 100 மைலுக்கும் குறைவென்றால் 8000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதில் பெரிய லாபம் இல்லை. எந்த உயரம் என்பதைப் பெரும்பாலும் அடுத்த கேள்விதான் முடிவு செய்யும்.

எதிர்காத்து அடிச்சா வேகத்தைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

கூட்ட வேண்டும். எதிர்காற்றில் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம்மைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அதனால் அந்த நிமிடங்களைக் குறைப்பது லாபம். எவ்வளவு என்றால், லேசான காற்றில் எதிர்காற்றின் கால் பங்கு, பலத்த காற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 8000 அடியில் 65 நாட் என்பது உண்மை வேகத்தில் 73. அங்கே 30 நாட் எதிர்காற்று என்றால் ஆகச் சிக்கனமான உண்மை வேகம் 73இலிருந்து சுமார் 84க்குப் போகும்.

இப்போது கார்சன் வேகத்தின் இன்னொரு சௌகரியம் தெரியும். அதே உயரத்தில் அது உண்மை வேகத்தில் 96, 97 நாட். கணக்குப் போட்டால், எதிர்காற்று 48 நாட் வரை வந்த பிறகுதான் அந்த வேகமே ஆகச் சிக்கனமான வேகமாகிறது. அதனால் 86இல் போகிறவர் சாதாரண எதிர்காற்றுக்கு எதையும் மாற்ற வேண்டாம். பின்காற்றில் கொஞ்சம் குறைக்கலாம் என்று ஏடு சொல்லும். நான் குறைப்பதில்லை, கிடைத்த நேரத்தை எடுத்துக்கொள்வேன்.

ஆனால் காற்றோடு வேகத்தை வைத்து விளையாடுவதைவிட உயரத்தை வைத்து விளையாடுவது பல மடங்கு பலன் தரும். 3000 அடியில் 10 நாட், 8000 அடியில் 30 நாட் எதிர்காற்று என்றால் கீழேயே போங்கள். திரும்பி வரும்போது மேலே ஏறுங்கள்.

தனியா போறப்பவும் நாலு பேரோட போறப்பவும் அதே 86தானா?

இல்லை. இந்த வேகங்கள் எல்லாம் எடையின் வர்க்கமூலத்தோடு மாறும். 2300 பவுண்டில் 65 என்றால், 1900 பவுண்டில் 59. கார்சன் வேகம் 86இலிருந்து 78 ஆகும். ஹேண்ட்புக்கில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் முழு எடைக்கான எண், அதைக் கவனியுங்கள்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது வாயேஜர். 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் எங்கும் இறங்காமல், நடுவானில் எண்ணெய் நிரப்பாமல் 9 நாளில் உலகைச் சுற்றி வந்த விமானம். கிளம்பும்போது சுமார் 9700 பவுண்டு, அதில் 7000 பவுண்டுக்கு மேல் எரிபொருள். திரும்பி இறங்கும்போது மொத்த எடை சுமார் 2700. வர்க்கமூலக் கணக்குப்படி முதல் நாள் சிக்கனமான வேகம் கடைசி நாளைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கு. நம் விமானத்தில் ஒரு பயணத்துக்குள் அவ்வளவு மாறாது, கிளம்பும் எடைக்கு ஒரு முறை கணக்குப் போட்டால் போதும்.

எடை குறைய வேண்டுமென்று எண்ணெயைக் குறைத்து ஊற்றாதீர்கள். 10 காலன் என்பது 60 பவுண்டு, முழு எடையில் 2.6 சதவீதம். கார்சன் வேகத்தில் அதன் செலவு அதைவிடக் குறைவு. 75 சதவீதத் திறனில் போனால் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் அந்த வேகத்தில் எடை சார்ந்த இழுவிசை மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை.

வீல் கவர், பாலிஷ், பின்னாடி சாமான் வைக்கிறது, இதெல்லாம் உதவுமா?

172என் சக்கரக் கவசங்களுக்கு ஹேண்ட்புக் சொல்வது சுமார் 2 நாட். ஈர்ப்பு மையம் பின்னால் இருந்தால் வால் கீழ்நோக்கி அழுத்துவது குறையும், அதனால் கொஞ்சம் லாபம் உண்டு. ஆனால் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் ஏற்றினால் விமானம் கையில் நிற்காது. பூச்சி அப்பிய இறக்கையைத் துடைப்பது நல்லது. பாலிஷ் போடுவது அழகுக்கு.

என் விமானத்துல ப்ரொப்பெல்லர் கோணம் மாத்தலாம். ஒரே வேகத்துக்கு எந்த ஆர்பிஎம்?

ஹேண்ட்புக் அனுமதிக்கும் குறைந்த ஆர்பிஎம், அதற்கேற்ற கூடிய மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம். ஒரே திறனை மெதுவாகச் சுழலும் எஞ்சினிலிருந்து எடுத்தால் உராய்வு நஷ்டம் குறையும், த்ராட்டிலும் திறந்திருக்கும். 'மேனிஃபோல்டு அங்குலம் ஆர்பிஎம் நூறுகளைத் தாண்டக் கூடாது' (2300 ஆர்பிஎம் என்றால் 23 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்) என்று ஒரு பழைய வாய்ப்பாடு உலவுகிறது. உங்கள் எஞ்சினின் அட்டவணை அதைத் தாண்டி அனுமதித்தால் அட்டவணையை நம்புங்கள், வாய்ப்பாட்டை அல்ல.

1944இல் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் நியூ கினியில் பி-38 போர் விமானப் பைலட்டுகளுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தார்: 1600 ஆர்பிஎம், கூடிய அழுத்தம், மெலிந்த மிக்ஸ்சர். எஞ்சின் பாழாகிவிடும் என்று அவர்கள் முதலில் தயங்கினார்கள். அதே விமானங்கள் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மைல் கூடுதலாகப் போய் வந்தன.

என் விமானத்துக்கு நானே அளந்து பார்க்க முடியுமா?

முடியும், எண்ணெய் ஓட்டத்தைக் காட்டும் கருவி இருந்தால் ஒரு காலைப்பொழுது போதும். காற்று அசையாத விடியலில் ஒரே உயரத்தில் பறங்கள். 70இல் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் மிக்ஸ்சரைப் புதிதாகச் சரிசெய்து, எல்லாம் நிலைக்கும் வரை ஐந்து நிமிடம் பொறுத்து, ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் எண் பொய் சொல்லும். வேகம் இன்னும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும், நமக்குத் தெரியாது. கூட ஒருவர் எழுத வரட்டும், நீங்கள் வெளியே பாருங்கள்.

வீட்டில் ஒரு கட்டத்தாளில் கிடைமட்டத்தில் உண்மை வேகம், செங்குத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று புள்ளி வையுங்கள். மூலையிலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்து, அளவுகோலை வைத்து மெல்ல உயர்த்துங்கள். வளைகோட்டை அது முதலில் தொடும் இடம் மைலுக்கு ஆகக் குறைவாக எரியும் வேகம். எதிர்காற்று 20 நாட் என்றால் அளவுகோலைப் பூஜ்யத்தில் வைக்காமல் கிடைமட்டக் கோட்டில் 20இல் வைத்து உயர்த்துங்கள். தொடும் புள்ளி வலப்பக்கம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கார்சன் வேகத்துக்கு, ஓட்டத்தை உண்மை வேகத்தால் இரண்டு முறை வகுத்து, ஆகச் சிறிய எண் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

ஓட்டக் கருவி இல்லையென்றால், ஒரு பயணம் முழுக்க ஒரே வேகம், முன்னும் பின்னும் டேங்கை விளிம்பு வரை நிரப்பி எவ்வளவு பிடித்தது என்று பார்ப்பது. மெதுவான வழிதான், ஆனால் டேங்க் முள்ளை நம்புவதைவிட மேல்.

வாடகை விமானத்துல மெதுவா போனா எனக்கு என்ன லாபம்?

வாடகை எப்படி என்பதைப் பொறுத்தது. 300 கடல் மைல் பயணத்தை ஹேண்ட்புக்கின் அந்த இரண்டு வரிகளின் சராசரியில் போட்டால், வேகமாகப் போனால் 2 மணி 32 நிமிடம், நிதானமாகப் போனால் 2 மணி 58 நிமிடம். மிச்சமாவது சுமார் 13 லிட்டர். எண்ணெயும் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று கடிகார நேரத்துக்கு வாடகை கொடுப்பவருக்கு, 26 நிமிட வாடகை உங்கள் பையிலிருந்து, 13 லிட்டர் அவர் பைக்கு. அப்படியானால் ஹேண்ட்புக் அனுமதிக்கும் வேகத்தில் தாராளமாகப் போங்கள்.

வாடகையை, எஞ்சின் சுற்றுகளை எண்ணும் டாக்கோமீட்டரின் மணியில் கணக்கிட்டால் கதை வேறு. அந்த எண்ணி ஒரு குறிப்பிட்ட குரூஸ் ஆர்பிஎம்மில்தான் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடும், ஆர்பிஎம் குறைந்தால் மெதுவாக ஓடும். நீங்கள் 26 நிமிடம் கூடுதலாகப் பறந்தாலும் அதில் பாதிக்கு மேல் எண்ணியில் ஏறாமல் போகலாம்.

சொந்த விமானம் என்றால் எஞ்சினின் ஆயுளையும் சேருங்கள். இந்த எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட 2000 மணி என்று வரையறை, அந்தச் செலவை 2000ஆல் வகுத்து ஒரு மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். எண்ணெய் மலிவாகவும் எஞ்சின் வேலை விலையாகவும் இருக்கும் ஊரில் கொஞ்சம் வேகமாகப் போவதுதான் சிக்கனம். இந்தியாவில் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். 2022இல் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் உற்பத்தி தொடங்கும்வரை இந்த எஞ்சின்கள் குடிக்கும் அவ்கேஸ் பெட்ரோல் முழுக்க இறக்குமதிதான்.

எண்ணெய் குறைவா இருக்கு, ஊர் இன்னும் தூரம். இப்ப என்ன வேகம்?

முதல் விடை வேகம் இல்லை, பக்கத்து ஓடுதளம். பகலில் கண்பார்வைப் பறத்தலுக்கு 30 நிமிடக் கையிருப்பு என்று அமெரிக்க விதி சொல்கிறது. அது திட்டமிடும்போது தொடக் கூடாத எண், 'இன்னும் அரை மணி இருக்கிறதே' என்று செலவழிக்க அல்ல.

இறங்க இடம் முடிவானபின், அதுவரை போவதற்கு 75 நாட், மெலிந்த மிக்ஸ்சர், எதிர்காற்று இருந்தால் மேலே சொன்னபடி கொஞ்சம் கூட்டி. தீர்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று த்ராட்டிலைத் தள்ளுவது மனித இயல்பு. காற்று பலமாக எதிர்த்து அடித்தாலொழிய, தள்ளியவர் தள்ளாதவரைவிட முன்னாலேயே வயலில் இறங்குவார்.

ரெண்டு எஞ்சின் விமானத்துல ஒண்ணை அணைச்சிட்டா பாதி மிச்சம்தானே? வாயேஜர்ல அப்படித்தானே செஞ்சாங்க?

வாயேஜரில் செய்தார்கள், உண்மை. முன் எஞ்சினை முக்கியமாகக் கனமான தொடக்க நாட்களில் ஓட்டிவிட்டு, பெரும்பாலான தூரம் பின் எஞ்சின் ஒன்றில் போனார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடுக்கோட்டில் இருந்தன. ஒன்றை நிறுத்தினாலும் விமானம் நேராகவே போகும்.

நம் ஊர்ப் பயிற்சி விமானங்களில் எஞ்சின்கள் இரண்டு இறக்கையிலும் இருக்கின்றன. ஒன்றை அணைத்தால் மற்றது விமானத்தைத் திருப்பும், அதை நிமிர்த்த வாலிலுள்ள திசைத் துடுப்பான ரடரை மிதித்தபடியே போக வேண்டும், உடல் சாய்ந்து பறக்கும், இழுவிசை ஏறும். மீதமுள்ள எஞ்சின் அதிகத் திறனில், மிக்ஸ்சரைக் குறைக்க இடமில்லாத இடத்தில் ஓடும். மிச்சம் ஒன்றும் நிற்காது. இரண்டையும் கார்சன் வேகத்துக்குக் குறைத்து, இரண்டின் மிக்ஸ்சரையும் ஒழுங்காகச் சரிசெய்யுங்கள்.